பழைய லாண்ட் ரோவருக்கு வேறு எஞ்சின்: ட்ரான்ஸ்பர் பொக்ஸைத் தெரிவுசெய்வது எப்படி?

ஜீப் தானாக உருளத் தொடங்கியபோது அதற்குள் யாரும் இருக்கவில்லை. ஒட்டுசுட்டானுக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்க் குளக்கட்டில், மார்கழி மாதத்து ஒரு பின்னேரம். பெரியப்பா வாகனத்தை முதலாம் கியரில் விட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, துருசைப் பார்க்க இறங்கிப் போயிருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் கட்டின் சரிவில் இறங்கிய ஜீப், தண்ணீர்க் கரையில் நின்ற மருதமரத்தில் மோதி நின்றது. பெரியப்பாவின் பேரன் ஐந்து நிமிடங்களுக்கு முன்னர் அந்த மரத்தடியில்தான் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

கியரில் நின்ற வாகனம் எப்படி உருளும்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக் அல்ல. ஊடகக் கற்கை படித்துவிட்டுச் சுயாதீனமாக எழுதிப் பிழைப்பவன். ஆனால், ஒரே ஜீப்புக்கு இரண்டு தடவை எஞ்சின் மாற்று வேலை செய்வித்து, முதல் தடவை பிழையான முடிவெடுத்து, அதற்கான விலையையும் கொடுத்தவன். இறக்குமதி நிறுத்தப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களைத் தூசு தட்டி எடுத்த பலர் இதே வேலையில் இன்று இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் அநேகர் எஞ்சினைத்தான் தேடுகிறார்கள். ட்ரான்ஸ்பர் பொக்ஸைப் பற்றி யோசிப்பதில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

ஏன் இன்னும் இந்த ஜீப்?

எங்களுடையது 109 அங்குல லாண்ட் ரோவர் சீரிஸ் 3. இந்த வகை 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் 1948 இல் சீரிஸ் 1, 1958 இல் சீரிஸ் 2, 1961 இல் சீரிஸ் 2ஏ என்பன வந்தன. 2,286 சிசி பெற்றோல் எஞ்சின், நான்கு கியர், வில்லுத் தகடுகள், அலுமினிய உடல். இலக்கத்தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்கு எதிராக 1957, 58 இல் தார் பூசிய தலைமுறையைச் சேர்ந்த எங்கள் தாத்தா, பின்னாளில் அதே எழுத்துடன் இந்த ஜீப்பை வாங்கி ஓடினார் என்பது எங்கள் வீட்டில் எப்போதும் சொல்லிச் சிரிக்கும் கதை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இது மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோலைத் துளியாக விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த அமுக்க விகிதம் கொண்ட பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. சமாதான காலத்தில், 2005 இல், எஞ்சின் திருத்துவதற்கென்று வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். 2006 இல் மீண்டும் சண்டை தொடங்கியதும் உறவினர் வளவொன்றில் அது நின்றுவிட்டது. அதனால்தான் தப்பியது. வன்னிக்குள் நின்ற எங்கள் உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் தப்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பிக் கொண்டுவந்தபோது எஞ்சின் புளொக் வெடித்திருந்தது. மாரியில் எங்கள் வயலுக்குப் போகும் பாதையில் இரண்டு இடங்களில் வாய்க்கால் குறுக்கறுக்கும். உழவு இயந்திரம் போகும், பிக்அப் போகாது. உர மூடையும், விதைநெல்லும், சில வேளை வருத்தக்காரரும் அந்தப் பாதையால்தான் வரவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய நான்கு சில்லு இழுவை வாகனங்களின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் வரிகளுடன் வரும் விலை விவசாயிக்கான விலை அல்ல. ஆகவே, இருப்பதை ஓடவைப்பது என்று முடிவெடுத்தோம்.

ட்ரான்ஸ்பர் பொக்ஸ் என்ன செய்கிறது?

கியர் பொக்ஸில் இருந்து வரும் சுழற்சியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை, 'லோ' என்று நாங்கள் சொல்லும் குறைந்த வேகக் கியரைக் கொடுப்பது. லாண்ட் ரோவரில் மஞ்சள் குமிழ் உள்ள லீவரை அழுத்தினால் முன் சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னுக்கு இழுத்தால் 'லோ' விழும். அப்போது முன் சில்லுகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒரு நிலை உண்டு: நியூட்ரல். ட்ரான்ஸ்பர் பொக்ஸ் நியூட்ரலில் நின்றால், கியர் பொக்ஸ் எந்தக் கியரில் இருந்தாலும் சில்லுகளுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு இல்லை. அன்று குளக்கட்டில் நடந்தது அதுதான். லீவர் 'ஹை'யிலும் இல்லை, 'லோ'விலும் முழுதாக விழவில்லை. கைப்பிரேக் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது. கைப்பிரேக் ஏன் இருக்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் தடவை செய்த வேலை

டொல்பின் வான் என்று நாங்கள் அழைக்கும் டொயோட்டா ஹைஏஸில் வந்த 3எல் டீசல் எஞ்சின் ஒன்று கிடைத்தது. 2,779 சிசி, டேர்போ இல்லை, பாகங்கள் எங்கும் கிடைக்கும். அதே எஞ்சின் குடும்பம் ஹைலக்ஸிலும் இருப்பதால், ஹைலக்ஸ் நான்கு சில்லு இழுவையின் ஐந்து கியர் பொக்ஸையும் அதனோடு சேர்ந்த ட்ரான்ஸ்பர் பொக்ஸையும் அப்படியே பூட்டலாம் என்றார்கள் கராஜில். எஞ்சின், கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பொக்ஸ் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் இடையில் அடப்டர் பிளேட் தேவையில்லை. கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருந்தது. வேலையும் மூன்று கிழமையில் முடிந்தது.

நான்கு மாதத்தில் பின் புரொப்ஷாஃப்டின் யூனிவர்சல் ஜொயின்ட் இரண்டு தடவை உடைந்தது. 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஆசனம் அதிர்ந்தது. பிறகு குளக்கட்டுச் சம்பவம். அதன் பின்னர்தான் நான் உட்கார்ந்து படிக்கவும், பழைய மெக்கானிக் ஒருவரிடம் போய்க் கேட்கவும் தொடங்கினேன். அவர் ஜீப்பின் கீழே படுத்து எழும்பிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, எஞ்சின் பூட்டுறது சுகம். பெட்டி எந்தப் பக்கம் பாக்குதெண்டு பாக்காமப் பூட்டியிருக்கினம்."

பூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஆறு விடயங்கள்

1. டிபரென்ஷியல் எந்தப் பக்கம்?

சீரிஸ் லாண்ட் ரோவரின் முன், பின் டிபரென்ஷியல்கள் இரண்டுமே நடுவில் இல்லை. வலப் பக்கமாக ஒதுங்கி இருக்கின்றன. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் முன், பின் வெளியீடுகளும் அதே வலப் பக்கத்தில், ஒரே கோட்டில் இருக்கின்றன. ஹைலக்ஸ் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் முன் வெளியீடு வலப் பக்கம் என்பதால் அது பொருந்திவிடும். பின் வெளியீடோ வாகனத்தின் நடுவில், கியர் பொக்ஸின் நேர்கோட்டில் இருக்கிறது. ஆகவே, பின் புரொப்ஷாஃப்ட் நடுவில் தொடங்கி வலப் பக்கத்துக்குச் சரிந்து போக வேண்டியதாகிறது. மேலிருந்து கீழாக ஒரு கோணம், இடமிருந்து வலமாக இன்னொரு கோணம். எங்கள் அதிர்வின் காரணம் இது.

2. நீளமும் கோணமும்

யூனிவர்சல் ஜொயின்ட் ஒன்று வளைந்து சுழலும்போது, ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனையில் உள்ள ஜொயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால் ஒன்றை மற்றொன்று சமப்படுத்தும். இரண்டு கோணங்களும் வேறுபட்டால் அதிர்வு மிஞ்சும். ஷாஃப்ட் குட்டையாகக் குட்டையாகக் கோணம் கூடும். டொயோட்டாவின் ஐந்து கியர் பொக்ஸும் ட்ரான்ஸ்பர் பொக்ஸும் சேர்ந்தால் ரோவர் பெட்டியை விட நீளம். 109 அங்குல வாகனத்தில் சமாளிக்க இடமுண்டு. 88 அங்குல வாகனத்தில் பின் ஷாஃப்டுக்கு மிச்சமிருக்கும் இடம் மிகக் குறைவு. பெட்டியைக் காசு கொடுத்து வாங்க முன்னர், எஞ்சின் முகப்பில் இருந்து பின் வெளியீடு வரையான நீளத்தை அளந்து, சேசிஸில் சோக்கட்டியால் குறித்துப் பாருங்கள்.

3. விகிதங்கள்

இங்குதான் கணக்குத் தேவை. கஷ்டமான கணக்கு இல்லை, பெருக்கல் மட்டும்தான்.

சீரிஸ் 3 இன் முதலாம் கியர் 3.68, நாலாம் கியர் 1. ட்ரான்ஸ்பர் பொக்ஸ் 'ஹை' 1.148, 'லோ' 2.35. பழைய மொடல்களில் 'லோ' 2.888 ஆக இருந்தது. டிபரென்ஷியல் 4.7. முதலாம் கியரில், 'லோ'வில், மொத்த விகிதம் 3.68 × 2.35 × 4.7 = 40.6. அதாவது எஞ்சின் 40.6 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும். 7.50-16 ரயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.45 மீற்றர் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 தடவை சுற்றும்போது வாகனம் மணிக்குச் சுமார் 3.6 கிலோமீற்றர் நகரும். இது மனிதன் நடக்கும் வேகத்தை விடவும் குறைவு. வாய்க்காலுக்குள் இறங்கி ஏற இதுதான் தேவை.

தார் வீதியில், நாலாம் கியர் 'ஹை'யில், மொத்த விகிதம் 1.148 × 4.7 = 5.4. மணிக்கு 60 கிலோமீற்றரில் எஞ்சின் சுமார் 2,200 தடவை சுற்றும். 80 இல் 2,900ஐ அண்மிக்கும்.

ஹைலக்ஸ் பெட்டியில் 'ஹை' நேரடி, அதாவது 1. 'லோ' 2.28. முதலாம் கியர் 3.93 என்று எடுத்தால், 'லோ'வில் மொத்தம் 42. ரோவருக்குக் குறைவில்லை. ஐந்தாம் கியர் 0.85 என்றால் வீதியில் மொத்தம் 4. 60 கிலோமீற்றரில் 1,630 சுற்றுத்தான். டீசல் மிச்சம், காதுக்கும் அமைதி. விகிதத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கராஜ்காரர் சொன்னதில் பிழையே இல்லை. விகிதம் மட்டும் போதாது என்பதுதான் பாடம்.

4. கைப்பிரேக் எங்கே இருக்கிறது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. சீரிஸ் லாண்ட் ரோவரின் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின் வெளியீட்டில் ஒரு ட்ரம் பூட்டியிருக்கும். கைப்பிரேக் இழுத்தால் அது புரொப்ஷாஃப்டைப் பிடிக்கும். அந்தப் பெட்டியைக் கழற்றினால் கைப்பிரேக்கும் சேர்ந்து போய்விடும். ஹைலக்ஸில் கைப்பிரேக், கேபிள் மூலம் பின் சில்லுகளைப் பிடிக்கும். ஹைலக்ஸ் பெட்டியை ரோவர் ஆக்சில்களோடு பூட்டினால் இரண்டும் இல்லை. "பிறகு பாப்பம்" என்றார்கள். நாங்களும் தலையாட்டினோம். வேறு பெட்டி பூட்டுபவர்கள், கைப்பிரேக் வேலை முடியும்வரை வாகனத்தை வெளியே எடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீற்றர் கேபிளும் அப்படித்தான். ரோவரில் அது ட்ரான்ஸ்பர் பொக்ஸில் இருந்தே வருகிறது. பெட்டி மாறினால் முள் பொய் சொல்லும் அல்லது அசையாது.

5. எப்போதும் நான்கு சில்லா, தேவைக்கு மட்டுமா?

சீரிஸ் 2, 3 வாகனங்கள் தேவைக்கு மட்டும் முன் சில்லைச் சேர்ப்பவை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிபரென்ஷியல் இல்லாததால், தார் வீதியில் நான்கு சில்லில் ஓடக்கூடாது. வளைவில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வேறு வேறு தூரம் போகும். சேற்றில் ரயர் வழுக்கி அதைச் சரிசெய்யும், தாரில் வழுக்க இடமில்லை. அந்த இறுக்கம் ஷாஃப்டிலும் பெட்டியிலும் ஏறும்.

பின்னாளில் வந்த பெட்டிகள் நடு டிபரென்ஷியலோடு எப்போதும் நான்கு சில்லுக்கும் கொடுப்பவை. அவை நல்லவைதான். ஆனால், அவற்றுக்கு முன் ஆக்சிலின் திருப்புமுனையில் சிவி ஜொயின்ட் வேண்டும். சீரிஸ் வாகனங்களில் அந்த இடத்தில் இருப்பது சாதாரண யூனிவர்சல் ஜொயின்ட். எப்போதும் இழுவை கொடுத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கையில் உதறும், தேய்மானமும் கூடும்.

6. பலவீனமான கண்ணி எது?

பழைய பெற்றோல் எஞ்சின் அதிகபட்சம் சுமார் 168 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தரும். டொல்பின் எஞ்சின் ஏறத்தாழ 190. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால், 'லோ'வில் அது 40 மடங்காகப் பெருகி ஆக்சிலுக்குப் போகிறது. ரோவர் ஆக்சிலின் 10 ஸ்பிளைன் ஹாஃப் ஷாஃப்ட் முறிவதற்குப் பெயர்போனது. டேர்போ எஞ்சினும் இன்னும் குறைந்த 'லோ'வும் சேர்த்துப் பூட்டினால், ட்ரான்ஸ்பர் பொக்ஸ் தாங்கும், ஹாஃப் ஷாஃப்ட் தாங்காது. வாய்க்கால் நடுவில் முறிந்தால்தான் அது தெரியவரும்.

இருக்கும் தெரிவுகள்

பழைய ரோவர் பெட்டியையே வைத்திருத்தல்: எஞ்சினுக்கும் ரோவர் கியர் பொக்ஸுக்கும் நடுவே அடப்டர் பிளேட் ஒன்று லேத்தில் கடைந்து பூட்ட வேண்டும். டிபரென்ஷியல் பக்கம், புரொப்ஷாஃப்ட் நீளம், கைப்பிரேக், ஸ்பீடோமீற்றர் எல்லாம் இருந்தபடியே இருக்கும். சூடு மிதிக்கவும் தண்ணீர் இறைக்கவும் முன்பு பயன்பட்ட பிரிஓ இணைப்பும் இருக்கும். குறை, ஐந்தாம் கியர் இல்லை, சத்தம் உண்டு. அடப்டர் பிளேட்டின் மையம் பிசகக்கூடாது. கால் மில்லிமீற்றர் பிசகினாலே கிளச்சும் கியர் பொக்ஸின் முன் பெயரிங்கும் சாப்பிடப்படும். டயல் மானி வைத்திருக்கும் பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

வீதி ஓட்டம் அதிகம் என்றால், இதே பெட்டியோடு 4.7க்குப் பதிலாக ரேஞ்ச் ரோவர், டிபென்டர் வாகனங்களின் 3.54 டிபரென்ஷியலைப் பூட்டலாம். 60 கிலோமீற்றரில் எஞ்சின் சுற்று 1,660 அளவுக்கு இறங்கும். ஆனால், 'லோ'வின் மொத்த விகிதம் 40.6 இல் இருந்து 30.6 ஆகிவிடும்; 1,000 சுற்றில் வேகம் 4.8 கிலோமீற்றர். மூடைகளோடு வாய்க்கால் ஏறுபவருக்கு அந்த வித்தியாசம் கிளச்சில் தெரியும். முன், பின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சில்லில் போட்டால் பெட்டி உடையும்.

ஹைலக்ஸ் பெட்டி: பலமானது, முழுவதும் பல்சில்லால் இயங்குவது, பாகங்கள் கிடைப்பது. பின் வெளியீடு நடுவில் என்பதால், நடுவில் டிபரென்ஷியல் உள்ள டொயோட்டா பின் ஆக்சிலையும் சேர்த்துப் பூட்டுபவருக்கு இது மிக நல்ல தெரிவு. அப்போது கைப்பிரேக்கும் ஆக்சிலோடு வந்துவிடும். பாதி மாற்றி, பாதியை விடுவதில்தான் ஆபத்து.

எல்ரி230: 1983 இல் வந்த லாண்ட் ரோவர் வன் டென் முதல் டிபென்டர் வரை இருந்த பெட்டி. நடு டிபரென்ஷியல், அதைப் பூட்டும் வசதி, 3.32 'லோ'. வெளியீடுகள் வலப் பக்கம், கைப்பிரேக் ட்ரமும் பின் வெளியீட்டிலேயே உண்டு. ஆகவே, சீரிஸ் வாகனத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். ஆனால், இது எப்போதும் நான்கு சில்லுக்கும் கொடுக்கும் பெட்டி என்பதால், மேலே சொன்ன சிவி ஜொயின்ட் பிரச்சினை வரும். 'ஹை' 1.41 உள்ள பெட்டியை 4.7 டிபரென்ஷியலோடு பூட்டினால் மொத்தம் 6.6, வீதியில் எஞ்சின் கதறும். 3.54 டிபரென்ஷியலும் சிவி ஜொயின்ட் உள்ள முன் ஆக்சிலும் சேர்ந்து கிடைத்தால் மட்டுமே இது அர்த்தமுள்ள தெரிவு. சேசிஸின் குறுக்குச் சட்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சுசுகியின் தனிப் பெட்டி: சுசுகி எஸ்ஜே வாகனங்களில் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் கியர் பொக்ஸோடு ஒட்டியிருக்காது, சிறிய ஷாஃப்ட் ஒன்றால் இணைக்கப்பட்டுத் தனியாகத் தொங்கும். பின் சில்லு மட்டும் இழுக்கும் எந்த வானின் கியர் பொக்ஸுக்குப் பின்னாலும் அதைப் பூட்டலாம் என்பதால் பலருக்கு ஆசை வரும். டொல்பின் எஞ்சினோடு அதன் கியர் பொக்ஸையும் அப்படியே எடுக்கலாமே என்று எனக்கும் வந்தது. கணக்குப் பாருங்கள். 1.3 லீற்றர் சுசுகி எஞ்சின் தருவது சுமார் 100 நியூட்டன் மீற்றர். அதன் முதலாம் கியர் 3.65, ஆகவே அந்தப் பெட்டிக்குள் போவது 365. டொல்பின் எஞ்சினின் 190ஐ முதலாம் கியர் 4 என்று எடுத்துப் பெருக்கினால் 760. இரண்டு மடங்கு. 'ஹை' 1.409, 'லோ' 2.268 என்பதால் வீதியிலும் எஞ்சின் அதிகம் சுற்றும். சிறிய எஞ்சின் பூட்டும் பாரமற்ற ஜீப்புக்கு நல்லது. 109 அங்குல லாண்ட் ரோவருக்கு அல்ல.

வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் உள்ள டானா 18 பெட்டியின் பின் வெளியீடு வலப் பக்கம் ஒதுங்கியது. பின் ஆக்சிலும் அதற்கேற்ப ஒதுங்கியது. அதற்குப் பின் வந்த டானா 20, 1980 முதல் 1986 வரை சிஜே ஜீப்புகளில் இருந்த டானா 300 ஆகியவற்றின் பின் வெளியீடு நடுவில். 'லோ' விகிதம் டானா 20 இல் 2.03, டானா 300 இல் 2.62. டானா 300 பலமும் குறைந்த கியரும் சேர்ந்தது. ஆனால், ஒதுங்கிய பின் ஆக்சிலை மாற்றாமல் அதைப் பூட்டினால் எங்கள் கதைதான் உங்களுக்கும். 1987 இல் வந்த வைஜே முதல் ஜீப்பின் முன் வெளியீடு இடப் பக்கத்துக்கு மாறிவிட்டது. அந்தப் பெட்டிகளைப் பழைய முன் ஆக்சிலோடு சேர்க்கவே முடியாது.

பழைய பெட்டியை வாங்கும்போது

பழைய உதிரிப்பாகக் கடையில் பெட்டியைக் காட்டுபவர் வெளிப் பக்கத்தைக் கழுவி வைத்திருப்பார். நீங்கள் ஒயில் திறப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வரும் ஒயிலில் கையை வைத்துத் தேயுங்கள். நரைநிறப் பசை சாதாரணம்; கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துண்டு சாதாரணம் அல்ல. பால் நிறமென்றால் தண்ணீர் போயிருக்கிறது, பெயரிங்குகள் துருப்பிடித்திருக்கும்.

வெளியீட்டு முகப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பெயரிங் முடிந்தது. 'ஹை', 'லோ', நியூட்ரல் மூன்றிலும் போட்டுக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் லீவர் 'டக்' என்று விழ வேண்டும். இழுத்துக்கொண்டே போகும் லீவர், ஓடும்போது கழன்று நியூட்ரலுக்கு வரும்.

ரோவர் பெட்டி என்றால் இன்னொன்று. அதில் கியர் பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கும் தனித்தனி ஒயில். நடுவில் உள்ள சீல் போனால் ஒன்றின் ஒயில் மற்றதற்குள் இறங்கும். ஒன்று வற்றி, மற்றது நிரம்பி வழிந்தால் அதுதான் காரணம். பின் வெளியீட்டின் சீல் போனால் ஒயில் நேரே கைப்பிரேக் ட்ரமுக்குள் விழும். பிரேக் இருக்கும், பிடிக்காது. இவை மலிவான சீல்கள். பெட்டி வெளியே இருக்கும்போதே எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பூட்டிய பிறகு கழற்றுவதற்கான கூலி, சீலின் விலையைப் போலப் பல மடங்கு.

பதிவுப் புத்தகம்

எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாற வேண்டும். "வயலுக்கு ஓடுற ஜீப்தானே" என்று விடுவதன் விலையை 2022 இல் பலர் கண்டார்கள். எரிபொருள் கியூஆர் முறை வந்தபோது, பதிவில் பெற்றோல் என்றிருந்த வாகனத்துக்கு டீசல் கேட்பது லேசான வேலையாக இருக்கவில்லை. எஞ்சின் வாங்கும்போதே விற்பனைப் பற்றுச்சீட்டை எஞ்சின் இலக்கத்தோடு எழுதி வாங்குங்கள். சேசிஸ் இலக்கத்தின் மேல் வெல்டிங் படவிடாதீர்கள். குறுக்குச் சட்டம் வெட்டும் வேலையில் அது நடப்பதுண்டு. காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு அல்ல.

நாங்கள் கடைசியாகச் செய்தது

அந்தப் பழைய மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி: "பழைய பெட்டி எங்க?" நான் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றேன். பெரியப்பா சிரித்தார். இரும்புக்காரர் வந்தபோது அதை அவர் கொடுக்கவில்லை; வைக்கோல் கொட்டிலுக்குள் சாக்கால் மூடி வைத்திருந்தார். "உங்கட அப்பா அதிலதான் ஓடப் பழகினவர்" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். இடைப் பல்சில்லின் வாஷர்கள் தேய்ந்திருந்தன, சீல்கள் எல்லாம் போயிருந்தன. பற்கள் நன்றாக இருந்தன. கியர் பொக்ஸும் அப்படியே. அடப்டர் பிளேட் ஒன்று கடைந்து, டொல்பின் எஞ்சினை ரோவர் பெட்டியோடு பூட்டினோம். டிபரென்ஷியலை 4.7 ஆகவே விட்டோம். எங்கள் ஜீப் வருடத்தில் பத்துத் தடவை முல்லைத்தீவுக்குப் போகும், நூறு தடவை வயலுக்குப் போகும். அதைக் கணக்கெடுத்தபோது தெரிவு சுலபமாகிவிட்டது. ஹைலக்ஸ் பெட்டியை, அதற்கேற்ற பின் ஆக்சில் வைத்திருந்த ஒருவருக்கு விற்றோம். அவருக்கும் கைப்பிரேக் கதையைச் சொல்லித்தான் கொடுத்தோம்.

இப்போது 60 கிலோமீற்றரில் அதிர்வு இல்லை, சத்தம் இருக்கிறது. 80 இல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. வாய்க்காலில் இறங்கும்போது சிவப்பு லீவரை இழுத்துவிட்டு, காலை எல்லா மிதிகளில் இருந்தும் எடுத்தால், அது தானாக ஊர்ந்து இறங்கித் தானாக ஏறுகிறது. சென்ற மாரியில் காய்ச்சலோடு இருந்த அயல்வீட்டு ஆச்சியை அந்தப் பாதையால் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

ஆகவே, வேலை தொடங்க முன்னர் ஒரு தாளில் எழுதுங்கள்: என் வாகனம் எங்கே ஓடப் போகிறது, டிபரென்ஷியல்கள் எந்தப் பக்கம், கைப்பிரேக் எதில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு எஞ்சின் தேடப் போங்கள். கராஜில் யாராவது "அப்படியே பூட்டலாம்" என்று சொன்னால், பின் புரொப்ஷாஃப்ட் எந்த வழியால் போகும் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவரிடம் வேலையைக் கொடுங்கள்.

கைப்பிரேக் இப்போது நன்றாகப் பிடிக்கிறது. குளக்கட்டில் நிறுத்தினால், பெரியப்பா அதை இழுத்துவிட்டு, இறங்கிப் போய்ச் சில்லுக்குக் கல்லும் வைக்கிறார். நான் தடுப்பதில்லை. கல் எடுத்துக் கொடுக்கிறேன்.